கசங்கல் மாப்பிள்ளை

சட்டைக் காலரை எப்போதும் நுனியிலிருந்து நடுப்பக்கமாகத்தான் இஸ்திரி போட வேண்டும் ஐயா. நடுவிலிருந்து நுனிக்குப் போனால் துணி தள்ளிக்கொண்டே போய் மூலையில் ஒரு சின்ன மடிப்பு விழுந்துவிடும். உங்கள் காலரில் விழுந்திருப்பது அந்த மடிப்புதான். வீட்டில் யார் இஸ்திரி போடுகிறார்களோ அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் பாதி உலகம் இப்படித்தான் நடமாடுகிறது.

நான் வந்தது அதைச் சொல்வதற்கு இல்லை. நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் ஒரு வைர நெக்லஸ் காணாமல் போய், அதற்காக என் தங்கையின் கணவரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். அவரை இன்றைக்கு வெளியே விட்டுவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில், என் தங்கை அவருக்கு மாற்றுத் துணியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். 'எப்படி வெளியே கொண்டுவருவாய்' என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று நினைக்கிறாள்.

போன வாரம் இதே மேஜைக்கு எதிரில் இதையேதான் சொன்னேன். அப்போது இங்கே இருந்த இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மிடுக்கான மனிதர். அவர் சட்டைக் கையின் மடிப்பில் தக்காளி நறுக்கலாம். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். நீங்கள் எழுந்து நிற்கவில்லை. உங்கள் ஒரு கை முழங்கை வரை மடித்திருக்கிறது, இன்னொரு கை பாதி வழியில் நிற்கிறது, பாக்கெட்டில் பேனா கசிந்திருக்கிறது. இப்படி உடுத்துகிறவர்கள் யாருக்கும் எழுந்து நிற்பதில்லை என்பது என் அனுபவம். என்றாலும் எழுதிக்கொண்டே வருகிறீர்கள். அது போதும்.

என் வேலையைச் சொல்கிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

நான் லாபி சூப்பர்வைசர். ஹோட்டல் வாசலில் 'தகுந்த உடையில் வருபவர்களுக்கு மட்டும் அனுமதி' என்று ஒரு பித்தளைப் பலகை இருக்கும். பழைய முதலாளி மாட்டியது. எது தகும், எது தகாது என்று அவர் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அதற்குத்தான் நான். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் நிற்பேன். வருகிறவரின் காலில் ஆரம்பித்து மேலே வருவேன். முகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிவு தெரிந்துவிடும். பல பேருடைய முகத்தை நான் பார்த்ததே இல்லை, தேவைப்பட்டதில்லை.

தவறே நடக்காது என்று சொல்லவில்லை. ஒருமுறை குதிகால் தேய்ந்த ஷூவோடு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். எங்கள் ஹோட்டலுக்குக் கடன் கொடுத்த வங்கியின் தலைவர் அவர் என்று பிறகு சொன்னார்கள். இன்னொருமுறை அருமையான சாம்பல் நிறக் கோட்டில் ஒருவர் வந்தார். நல்ல அறையாகப் பார்த்து நானே கொடுத்தேன். ரொம்ப நாள் தங்கி, ஒரு பைசா கொடுக்காமல், பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார். போகும்போது கூடக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டுதான் போனார் என்று சமையல்காரர் சொன்னார். ஆளைப் பிடிக்கவில்லை என்றாலும் அந்தப் பழக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

காலையில் ஊழியர்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பேன். நகம், ஷூ, காலர், பொத்தான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் இஸ்திரி பரேடு. எனக்கு வைத்த பெயர் இஸ்திரி. என் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்கள். எனக்கு வருத்தமில்லை. கேட்டால் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

இனி மாப்பிள்ளைக்கு வருகிறேன்.

எங்களுக்கு அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். தங்கையை வளர்த்தது நான்தான். அவள் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அவள் சீருடையை நான் இஸ்திரி போட்டுக் கொடுப்பேன். பாவாடை மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி நிற்கும். அப்படி வளர்ந்த பெண், கல்யாணம் என்று வந்தபோது கூட்டிக்கொண்டு வந்த ஆளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வந்தவர், சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். ஒரு முனை இடுப்பில், ஒரு முனை தொடையில். ஒருவேளை அவசரத்தில் வந்திருக்கலாம் என்று நினைத்தேன். இல்லை ஐயா, அவர் நிதானமாக வந்தாலும் அப்படித்தான் வருவார். புதுச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டாலும் அது அவர் உடம்பில் ஏறிய மறுநிமிஷம், நாலு பேர் அதன் மேல் படுத்துத் தூங்கி எழுந்த மாதிரி ஆகிவிடும்.

அன்றைக்கே தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு என் அபிப்பிராயத்தைச் சொன்னேன்.

"உனக்கு மனுஷனே வேணாம்ண்ணே. ஒரு ஹேங்கர் போதும்" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அது மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது என்பதை மறைக்கப்போவதில்லை.

கொஞ்ச காலம் கழித்து அவருக்கு வேலை போயிற்று. இரண்டு குழந்தைகள். தங்கை வந்து என்னிடம் கேட்டாள். நான்தான் ஹோட்டலில் சொல்லிப் பெட்டி தூக்கும் வேலையில் சேர்த்துவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மனிதருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் செய்திருப்பேனா?

வந்த வேகத்தில் அவருக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். கசங்கல். அவரிடமே நேராகக் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். பரேடில் நான் அவர் முன்னால் நின்றாலே மற்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள்.

"மாப்ளே, என்ன இது, சட்டையா, சாக்கா?" என்பேன்.

"இஸ்திரி போட்டுட்டுத்தான் மச்சான் வந்தேன். வழியில ஒரு வயசானவரு வண்டி நின்னுபோச்சு. கொஞ்சம் தள்ளிக் குடுத்தேன்" என்பார்.

தினமும் ஏதாவது ஒன்றைத் தள்ளிக் கொடுத்திருப்பார், அல்லது எதையாவது தூக்கியிருப்பார், அல்லது யாருடைய குழந்தையாவது அவர் தோளில் தூங்கியிருக்கும். இந்த ஊரில் உதவி தேவைப்படுகிறவர்கள் எல்லாம் அவர் ஹோட்டலுக்கு வரும் வழியிலேயே எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தங்க வருகிறவர்களுக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் முறை வருகிறவர்கள் என்னைத் தாண்டிக் கழுத்தை நீட்டி அவரைத் தேடுவார்கள். நான் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன், அவர்கள் என் தலைக்கு மேலாக அவரைப் பார்த்துக் கையை ஆட்டுவார்கள்.

அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை. பொறுமைக்கு நான் பேர்போனவன்.

பிறகு ஒருநாள் ஒரு வயதான அம்மாள் வந்தார். ரப்பர் செருப்பு. குளியலறையில் போடுவது, நீல வார் ஒன்றில் ஊக்கு குத்தியிருந்தது. மேலே நிறம் போன ஒரு நீள அங்கி. கையில் துணிப்பை. நான் கதவைத் திறக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன்.

"மன்னிக்கணும்மா. இந்தச் செருப்போட உள்ள வர முடியாது."

"ஏம்ப்பா, செருப்புக்கா ரூம் கேட்டேன்? எனக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. என் மாப்பிள்ளை வந்து கதவைத் திறந்து, அவர் பையை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்கம்மா. ஊக்கு காலைக் குத்தப்போகுது, நான் வேற வார் மாட்டித் தரேன்" என்று அழைத்துப் போய்விட்டார். மாட்டியும் கொடுத்தார். லாபியின் பட்டு சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு ரப்பர் செருப்பைப் பழுதுபார்த்தார் ஐயா. என் லாபியில்.

அந்த அம்மாள் பெரிய பணக்காரர் என்பதும், அந்தத் துணிப்பைக்குள் ஒரு பழைய கைக்குட்டையில் வைர நெக்லஸைச் சுற்றிவைத்திருக்கிறார் என்பதும் எனக்கு மறுநாள் தெரிந்தது. பேத்தியின் கல்யாணத்துக்கு எடுத்துவந்திருக்கிறார். தெரிந்திருந்தால் உள்ளே விட்டிருப்பேனா என்று கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். அந்தச் செருப்போடு விட்டிருக்க மாட்டேன்.

அவர் எங்கள் புது மானேஜரிடம் போய் என்னைப் பற்றி இரண்டு வார்த்தையும், மாப்பிள்ளையைப் பற்றி இருநூறு வார்த்தையும் பேசியிருக்கிறார். புது மானேஜர் சின்ன வயசுப் பெண். வேலைக்குக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவார். அதற்கு மேல் நான் ஏதும் சொல்லத் தேவையில்லை. என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அடுத்த மாசத்துலேருந்து பரேடு வேணாம் சார். வாசல்ல இருக்கற பலகையையும் எடுத்துடலாம். லாபியை உங்க தங்கச்சி வீட்டுக்காரர் பாத்துக்கட்டும். அந்தக் கோட்டை அவர்கிட்ட குடுத்துடுங்க" என்றார்.

"நான்?"

"உள்ள லாண்டரியைப் பாத்துக்கோங்க. உங்களுக்குப் பிடிச்ச வேலைதானே?"

கேலி செய்யவில்லை. நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் வெளியே வந்து லாபிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கோட்டில் ஒரு குறையும் இல்லை. எனக்கு முன்னால் அதைப் போட்டிருந்தவர் ஓய்வு பெறும்வரை எத்தனையோ வருஷம் காத்திருந்து வாங்கியது. இதை மாப்பிள்ளை போட்டுக்கொண்டு வண்டி தள்ளுவார். குழந்தைகள் இதன் மேல் எச்சில் வழியத் தூங்கும். ஹேங்கரில் மாட்டாமல், நாற்காலி முதுகில் மாட்டுவார். அப்போது எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிஜமாகவே கண்ணீர் வந்தது. கோட்டில் விழாமல் கைக்குட்டையில் பிடித்துக்கொண்டேன்.

மாலையில் மாப்பிள்ளை என்னைத் தேடி வந்தார்.

"மச்சான், மேடம் என்னமோ சொல்றாங்க. எனக்கு அந்தக் கோட்டெல்லாம் வேணாம். வேர்க்கும். நீங்களே வெச்சுக்கோங்க. நான் மேடத்துகிட்டப் பேசி ஒதுங்கிக்கறேன்" என்றார்.

இங்கே நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். உங்கள் கேள்வி புரிகிறது. அவரே வேண்டாம் என்று சொன்ன பிறகு, நான் செய்ததை ஏன் செய்ய வேண்டும்? ஐயா, அவர் என்ன சொன்னார் என்று திரும்பப் படியுங்கள். 'வேர்க்கும்' என்றார். அந்தக் கோட்டைப் பார்த்து 'வேர்க்கும்' என்றார். அதைப் பிச்சையாக எனக்கே திருப்பிப் போட்டார். அந்த ஒரு சொல்லுக்கு முன்புவரை என் மனசில் ஒன்றுமில்லை. சொல்லி முடித்தபோது எல்லாம் தெளிவாகிவிட்டது. மனசு மிகவும் அமைதியாக இருந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பரேடில் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. "மாப்ளே, பொத்தான் விழப்போகுது, தைச்சுக்குங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஆகட்டும் மச்சான்" என்றார். தைக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும், வரிசைக்கே தெரியும். பரேடு முடிந்ததும் அவர் தோளில் கைபோட்டு, "மேடத்துகிட்ட எதுவும் பேச வேணாம் மாப்ளே. நீங்க மேல வந்தா எனக்குச் சந்தோஷம்தான்" என்று மார்பில் தட்டிக்கொடுத்தேன். தட்டிய கையோடு பொத்தான் வந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. என் வாயிலிருந்து நல்ல வார்த்தை கேட்டு அவருக்குப் பழக்கமில்லை, பாவம்.

பிற்பகலில் ரப்பர் செருப்பு அம்மாள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். குளிர்கிறது என்று மாப்பிள்ளையிடம் தன் அறைச் சாவியைக் கொடுத்து, நாற்காலி மேல் கிடக்கும் சால்வையை எடுத்துவரச் சொன்னார். அவர் மேலே போனார், சால்வையோடு இறங்கினார். அதைப் பார்த்தவர்கள் நிறைய பேர். அவர் இறங்கியதும் என்னிடமிருந்த பொதுச் சாவியோடு நான் ஏறினேன். என்னைப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் கோட்டோடு மாடிப்படி ஏறுகிறவனை யாரும் பார்த்ததாக வைத்துக்கொள்வதில்லை. அது படியோடு சேர்ந்த ஒன்றாகிவிடுகிறது.

நெக்லஸ் அலமாரி இழுப்பறைக்குள் கைக்குட்டையில் இருந்தது. எடுத்துக்கொண்டேன். பொத்தானை அந்த இடத்தில் வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்தால் அதில் நூல் ஒன்று வாலாட்டிக்கொண்டு நின்றது. பார்க்க அசிங்கமாக இருந்தது. மேஜையில் அந்த அம்மாளின் நகவெட்டி கிடந்தது, அதைக்கொண்டு ஒட்ட நறுக்கிவிட்டேன். அப்படியே விட்டிருந்தால் பிய்ந்து விழுந்த பொத்தான் என்று இன்னும் நன்றாக நம்பியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவர என்னால் முடியாது. ஒன்று கட்டிலுக்கு அடியிலும் இன்னொன்று கதவருகிலுமாகக் கிடந்த அந்த ரப்பர் செருப்புகளையும் ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். தோட்டத்துக்கு அவர் வெறுங்காலோடு போயிருந்தார்.

மற்றது உங்களுக்கே தெரியும். கூச்சல் எழுந்தது, இழுப்பறையில் பொத்தான் கிடைத்தது, ஊழியர்களை வரிசையாக நிறுத்தினார்கள். சால்வை எடுக்கப் போன ஆள், பொத்தான் இல்லாத ஆள், இரண்டும் ஒரே ஆள். நான் யார்மேலும் கையைக் காட்டவில்லை. 'உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா' என்று கேட்டபோது கூட, "அவர் என் தங்கை புருஷன். நான் எதுவும் சொல்லக் கூடாது" என்றுதான் சொன்னேன். அந்த அம்மாள் மட்டும், "இவன் எடுக்க மாட்டான், இவன் எடுக்க மாட்டான்" என்று அழுதுகொண்டே இருந்தார். காரணம் கேட்டதற்கு, "அவன் மூஞ்சியைப் பாத்தா தெரியல?" என்றார். முகமாம். உங்கள் ஆட்கள் எழுதிக்கொள்ளவே இல்லை.

மாப்பிள்ளை வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "பிள்ளைங்களைப் பாத்துக்குங்க மச்சான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்போதும் சட்டை ஒரு பக்கம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

பரேடு தொடர்ந்தது. பலகை வாசலிலேயே இருந்தது. கோட்டைப் பற்றி மேடம் மறுபடி வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மானேஜரைப் பார்க்க வேண்டும் என்று என் தங்கை ஹோட்டலுக்கு வந்தாள். தலை வாரவில்லை. வீட்டுச் செருப்பு. மேல்சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படித் திருப்பிப் போட்டிருந்தாள், அதுகூட அவளுக்குத் தெரியவில்லை. தையல் ஓரங்களெல்லாம் அப்படியே தெரிந்தன. நான் கதவைத் திறக்கவில்லை.

"அண்ணே, நான்தான்" என்றாள்.

"தெரியுதும்மா. வீட்டுக்குப் போய் நல்லா உடுத்திட்டு வா" என்றேன்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். நான் கல் இல்லை ஐயா. எத்தனை வருஷம் இஸ்திரி போட்டு அனுப்பிய பெண், இப்படித் தெருவில் நடந்து வந்திருக்கிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அவளை விட்டால் அடுத்தவரை எப்படி நிறுத்துவது?

அதன் பிறகு வீட்டு வாடகை கொடுக்க வழியில்லாமல் குழந்தைகளோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்ததும் அவள் கேட்டது, "கோவமாண்ணே?" என்றுதான். நான் தடுத்து நிறுத்தியதற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள். சரியான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வீடு போய்விட்டது. ஈரத் துண்டு நாற்காலி மேல். காலுறை ஒன்று சோற்றுப் பானை மூடியின் மேல். பெரியவன் என் இஸ்திரி மேஜையின் மேல் படுத்துப் படம் வரைகிறான். சின்னது என் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, "அப்பா தூங்கறாரு" என்று அதன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. திட்டினால் தங்கை அழுகிறாள். நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு, "அவருக்காக நீ இப்படி உருகறியேண்ணே" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் வெளியே வந்தால்தான் இவர்கள் வேறு வீடு பார்த்துப் போவார்கள். இவர்கள் போனால்தான் என் வீடு என் வீடாகும். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதுதான்.

எனக்கு என்ன ஆகும் என்றும் யோசித்தேன். ஒழுங்காக உடுத்தி நிற்கிற ஒருவனை எந்த நீதிபதியும் அதிக நாள் உள்ளே வைக்க மாட்டார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் போன வாரம் வந்தேன். மிடுக்கு இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினார். அழுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"இந்தக் காலத்துல தங்கச்சிக்காக இப்படிப் பழியை ஏத்துக்கற அண்ணன் எங்க சார் இருக்காங்க? உங்களைப் பாத்தா திருடற ஆளு மாதிரியா இருக்கு?"

"பொத்தானைப் பாருங்க சார். நூலை ஒட்ட வெட்டியிருக்கேன். விழுந்த பொத்தான்ல அப்படி இருக்குமா?"

அவர் பொத்தானை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, எவ்வளவு திட்டம் போட்டு செஞ்சிருக்கான் படுபாவி" என்றார்.

நான் கெஞ்சினேன். அவர் எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். போகும்போது, இந்தக் கோட்டுத் துணி எங்கே வாங்கியது என்று கேட்டார். நெக்லஸ் எங்கே என்று கேட்கவில்லை.

அழுக்குச் சட்டையோடு வந்தால் நம்புவார்களோ என்றுகூட ஒரு யோசனை வந்தது. நேற்று மாப்பிள்ளையின் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கதவுவரை போனேன். தெருவில் இறங்க முடியவில்லை. கழற்றி, துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மடித்தேன். என் தங்கை வெளியே மடியில் வைத்திருக்கிறாளே, அந்தச் சட்டைதான்.

இதுதான் நடந்தது. நீங்கள் நம்புகிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆமாம், முகத்தைத்தான் பார்க்கிறேன். உங்கள் சட்டையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

என்ன கேட்டீர்கள்? நெக்லஸா? நல்ல கேள்வி. அதை முதலில் கேட்டவர் நீங்கள்தான். விற்கவில்லை. விற்பதற்கு நான் என்ன திருடனா?

இங்கேதான் இருக்கிறது. இந்தக் கோட்டின் இடது தோளில், உள்ளே வைத்த பஞ்சுக்கு நடுவில். ஹோட்டலில் எல்லோருடைய பெட்டியையும் பையையும் சோதித்தபோது நான் இதைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் ஆட்களுக்குக் கதவு திறந்துவிட்டேன். இந்தக் கோட்டு எனக்கு முன்பு இருந்தவருக்குத் தைத்தது. அவருக்கு ஒரு தோள் தூக்கல். அதனால் எனக்கு எப்போதும் இடது பக்கம் ஒரு நூலளவு சரிந்தே நிற்கும். வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். எத்தனையோ தையல்காரர்களிடம் காட்டினேன், ஒருவராலும் முடியவில்லை. நெக்லஸை வைத்து நானே தைத்த பிறகு பாருங்கள். இரண்டு தோளும் ஒரே மட்டம். தொட்டுப் பாருங்கள், தையல் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

இழுப்பறையில் என்ன தேடுகிறீர்கள்?

அது காகிதம் வெட்டும் கத்தரி ஐயா. நுனி மழுங்கியிருக்கிறது. அதைவைத்து வெட்டினால் உள்துணி பிய்ந்துவிடும்.

கழற்றத்தான் வேண்டுமா? நான் சொன்னால் போதாதா? வேண்டுமானால் தராசில் வைத்துப் பாருங்கள், இடது பக்கம் கனமாக இருக்கும். வெட்டாமலே தெரிந்துகொள்ளலாம். தையல்காரரைக் கூப்பிடுகிறீர்களா? அவர் பிரித்தாலும் திரும்ப இப்படி வராது. வரவே வராது. ஒருமுறை சரிந்த தோள் சரிந்ததுதான்.

கத்தரியைக் கீழே வையுங்கள் ஐயா. ஒரு நிமிஷம். நான் யோசித்துச் சொல்கிறேன்.

இதுவரை எழுதியதை அடித்துவிடுங்கள். நான் தங்கைப் பாசத்தில் ஏதோ உளறிவிட்டேன். போன வாரம் இருந்தவர் சரியாகத்தான் கண்டுபிடித்தார். இந்தத் தோளில் பஞ்சைத் தவிர ஒன்றுமில்லை. நெக்லஸை எடுத்தது என் மாப்பிள்ளைதான். அவர் எடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெளியே உட்கார்ந்திருக்கும் என் தங்கையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நான் சொன்னால் அவள் நம்புவாள்.